எனிட் அத்தை ஜன்னலில் நின்ற வாரம்

என் தாத்தாவுக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்துக்குப் பிறந்தவர்கள் எனிட் அத்தையும் என் அப்பா பெர்ட்டும். இளைய தாரத்துக்குப் பிறந்த நாலு பேரில் ஒருவர் கனடாவுக்குப் போய் மரம் வெட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார், ஒருவர் போரில் போனார், மற்ற இரண்டு சித்தப்பாக்களும் எங்கள் தெருவை விட்டு நகரவே இல்லை. மொத்தக் குடும்பத்தில் ஊரை விட்டுப் போய், கடற்கரையில் ஒரு விடுதிக்கு எஜமானி ஆனது எனிட் அத்தை ஒருத்திதான்.

அந்த யோகம் அவர்களுடைய தாய்மாமன் ஏனாக் வழியாக வந்தது. ஏனாக் மாமா மாட்டுக்குடல் வேகவைத்து விற்கிற கடை வைத்திருந்தார். பிள்ளை குட்டி இல்லை. அவர் போனதும் கடை விற்ற பணம் அத்தைக்கு வந்தது, அப்பாவுக்கு அவருடைய சுவர்க் கடிகாரம் வந்தது. அது ஓடாது. அதைப் பற்றி அப்பா கடைசி வரை பேசிக்கொண்டிருந்தார்.

அதுவரை அத்தையும் எங்களைப் போல மில்லில் தறி ஓட்டியவள்தான். எங்கள் ஊர் பிளாக்பர்ன் பக்கம். பொம்பளைப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டால் நேரே தறிக்கூடம்தான். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடிக்கிற இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் உதட்டால் பேசுவோம். சத்தமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் பெரிதாக வரைந்து காட்டுவது. கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவள் என்ன சொல்கிறாள் என்று இந்தக் கோடியில் நிற்பவளுக்குத் தெரியும். அதைப் பார்ப்பது என்று நாங்கள் சொல்வதில்லை, கேட்பது என்றுதான் சொல்வோம். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு நாள் தள்ளிப்போனது என்பதையெல்லாம் நல்ல அமைதியான சமையலறையில்கூட உதட்டாலேயே சொல்லிக்கொள்வோம்.

நாற்பத்தெட்டாம் வருஷம் அத்தையும் கிளிஃபர்ட் மாமாவும் மோர்கம் கடற்கரைக்குப் பின்தெருவில் வீடு வாங்கினார்கள். வீட்டுக்குப் பெயர் கடற்காட்சி. மாடியில் குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கடல் தெரியும். ஆனால் மோர்கமில் தண்ணீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான், ஆகவே பார்க்கிற நேரத்தில் கடல் இருக்காது. குளிக்க ஒரு ஷில்லிங் தனி என்பதால் எப்படியும் யாரும் அடிக்கடி பார்த்ததில்லை.

விடுதிக்காரி ஆனதும் அத்தைக்குக் குரல் மாறிவிட்டது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்தாள். சொந்தத் தம்பியிடமும் அப்படித்தான். வீட்டில் சட்டங்கள் உண்டு. காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் உள்ளே விடுவதைத் தவிர, கதவு மறுபடி சாயங்காலம் ஐந்துக்குத்தான் திறக்கும், வெயிலானாலும் மழையானாலும். உப்பு, மிளகுத்தூள், கடுகு மூன்றும் வைத்த சின்னத் தட்டு மேஜைக்கு வரவேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு ஷில்லிங். எங்களிடமும் அதே ஷில்லிங்தான் கேட்டாள். அப்பா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று பென்னிக்கு விற்கிற உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டில் உப்பு தனியாக நீலக் காகிதத்தில் முடிந்து வரும் அல்லவா, அந்த முடிச்சுகளை வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்து, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மோர்கமுக்கு வருவார். அத்தை திரும்புகிற நேரத்தில் முட்டை மேல் தூவிக்கொள்வார்.

ஜூலையில் எங்கள் ஊர் மில்கள் எல்லாம் ஒரே நாளில் சங்கு ஊதி வருஷ விடுமுறைக்கு அடைக்கும். ஊரே காலியாகி ரயிலேறும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கடற்கரை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விடுதி. வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை, கிளம்புவதற்கு முன், அடுத்த வருஷத்துக்கு அதே அறை வேண்டும் என்று ஒரு பவுண்டு அச்சாரம் கொடுத்துவிட்டுத்தான் வருவோம். விடுதிக்காரிக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் தீபாவளி. அச்சாரம் விழுந்தால் அடுத்த வருஷம் உண்டு, விழாவிட்டால் இல்லை.

நான் சொல்ல வந்தது அறுபத்திரண்டாம் வருஷத்து வெள்ளிக்கிழமையைப் பற்றி.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. நாலு தறி ஓட்டி வாரத்துக்கு ஏழு பவுண்டு சொச்சம் வாங்கினேன். கடற்காட்சியில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு வாரத்துக்கு ஆளுக்கு ஆறரை பவுண்டு. அந்த வருஷம் பேப்பர் முழுக்க ஸ்பெயினுக்கு விமானத்தில் போய் வரும் விளம்பரங்கள் வந்தன. பிரதம மந்திரி ஒரே நாளில் ஏழு மந்திரிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். “நம்ம மில்லுல எழுபது பேர அனுப்பினானே, அது எந்தப் பேப்பர்ல வந்துச்சு” என்று அப்பா ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தார்.

மோர்கமில் இறங்கும்போதே மழை. கடற்காட்சிக்கு நேர் எதிர் வீட்டில் புதுப் பலகை தொங்கியது: டி.வி. கூடம் உண்டு, நாள் முழுக்க வந்து போகலாம். எதிர்வீட்டுக்காரி மிஸஸ் ஆக்ராய்ட், யார்க்‌ஷயர்க்காரி. அவள் புருஷன் கம்பளி வியாபாரியிடம் கணக்கு எழுதியவர். அந்தம்மாள் மில் வாசலைக்கூட மிதித்தவள் இல்லை.

“நல்வரவு. பயணம் சுகமாக இருந்ததா?” என்றாள் அத்தை, கதவைத் திறந்து.

“சுகம்தாங்கண்ணி” என்றாள் அம்மா. அவள் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கால்மிதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.”

அன்று சாயங்காலம் கிளிஃபர்ட் மாமா பாத்திரம் தேய்க்க, அப்பா துடைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை அடுக்கினேன்.

“மாப்ள, போன மாசம் ஓல்டம் மில்லு ஆளுங்க வந்தாங்க. எங்க வந்தாங்கன்னு கேளு” என்றார் மாமா.

“எங்க அத்தான்?”

“எதிர்ல. பன்னண்டு வருஷமா இங்க வந்தவங்க. நம்ம ஜன்னலப் பாத்து கைய ஆட்டிட்டு அங்க நொழையறாங்க. இப்ப நம்ம ஊர் ஆளுங்க மட்டும்தான் மிச்சம். இந்த வெள்ளிக்கிழமை நீங்களும் அச்சாரம் வைக்கலேன்னா வீட்ட வித்துட வேண்டியதுதான். வித்துட்டு நான் எங்க போவேன்? எனக்கு அம்பத்தஞ்சு ஆகுது. எந்த மில்லுல எடுப்பான்? மொதல்ல மில்லு எங்க இருக்கு?”

“மழ பேஞ்சா உள்ள விடச் சொல்லேன் அவள.”

“நீ சொல்லு. உங்க அக்காதான?”

“உன் பொண்டாட்டிதான?”

இருவரும் மறுபடி பாத்திரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஞாயிறும் மழை, திங்களும் மழை. பத்து மணிக்குக் கதவு பின்னால் சாத்தியதும் நாங்கள் கடற்கரைச் சாலையில் இருக்கும் கூரை போட்ட பெஞ்சுகளுக்குப் போவோம். மோர்கம் விடுதிகளில் பாதி ஜனம் அங்கேதான் வரிசையாக உட்கார்ந்து, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, இல்லாத கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்களோடு தறி மேஸ்திரி ஹேரல்ட் கிரிம்ஷாவும் அவர் பெண்டாட்டி மூரியலும் இருந்தார்கள். இன்னும் எங்கள் தெருக் குடும்பங்கள் நாலைந்து.

“நல்ல காத்து” என்றார் ஹேரல்ட்.

“ஆமா, காத்துக்குக் கொறச்சலில்ல” என்றார் அப்பா. அவர் கையிலிருந்த பேப்பர் அப்போதுதான் இரண்டாகக் கிழிந்து போனது.

சாயங்காலம் ஐந்துக்குக் கதவு திறந்து, “நாள் இனிதாகக் கழிந்ததா?” என்று அத்தை கேட்பாள். “ரொம்ப அருமைங்க மிஸஸ் என்ட்விசில்” என்று எல்லோரும் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஈரக் காலுறைகளைக் கையில் பிடித்தபடி மாடிக்குப் போவோம். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். வீட்டில் நெருப்புப் பிடித்தாலும், பரவாயில்லை, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பார்கள்.

திங்கள்கிழமை ராச்சாப்பாட்டுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து நேராக டி.வி.யில் படம் வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. வானத்தில் ஒரு உருண்டையைச் சுற்றவிட்டு, அதன்மேல் பட்டு இங்கே வருமாம். உலகமே பேசியது. அத்தை வீட்டில் டி.வி. கிடையாது. வாரத்துக்குப் பத்து ஷில்லிங் வாடகை கொடுத்து உட்கார்ந்த இடத்தில் சோம்பேறியாவதா என்பாள். மூரியலை மிஸஸ் ஆக்ராய்ட் கடையில் பார்த்து, “எல்லாரும் வாங்களேன், காசு வேண்டாம்” என்று கூப்பிட்டிருந்தாள்.

அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது?

“நாங்க சும்மா ஒரு நடை நடந்துட்டு வந்துடறோம்” என்றார் ஹேரல்ட். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

“குடை எடுத்துச் செல்லுங்கள்” என்றாள் அத்தை.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, எதிர் வீட்டில் நுழைந்தோம்.

மிஸஸ் ஆக்ராய்டின் கூடத்தில் தெருவைப் பார்த்து பெரிய வளைவு ஜன்னல். டி.வி. இருப்பது ஊருக்குத் தெரியவேண்டும் என்று அந்தம்மாள் திரைச்சீலையை இழுக்கவே மாட்டாள், விளக்கையும் அணைக்கமாட்டாள். ஜன்னலோரம் எங்களுக்கு நாற்காலி போட்டாள். அமெரிக்கா வந்தது. ஒரு பெரிய சிலை, அப்புறம் மைதானத்தில் ஏதோ பந்தாட்டம். “அங்க மழ இல்ல பாரு” என்றார் அப்பா. மிஸஸ் ஆக்ராய்ட் பிஸ்கட் தட்டோடு எங்களுக்கு நடுவில் சிரித்தபடி வந்து வந்து போனாள். அவள் முன்னால் சொந்த விஷயம் பேசுவது மரியாதையில்லை. ஆகவே அம்மாவும் மூரியலும் உதட்டுப் பேச்சுக்கு மாறினார்கள்.

“டீ தண்ணியா இருக்குல்ல?” என்றது மூரியலின் உதடு.

“ஆனா சூடா இருக்கு. எங்கண்ணி குடுக்கற முட்டைய செவுத்துல அடிச்சா செவுரு ஒடையும்” என்றது அம்மாவின் உதடு.

“எங்க ரூம் கம்பளி இருக்கே, அது வழியா பேப்பர் படிக்கலாம்.”

“குளிக்க ஒரு ஷில்லிங், சொந்தத் தம்பிக்கு.”

ஹேரல்டும் சேர்ந்துகொண்டார். ஆண்கள் உதட்டுப் பேச்சில் கொஞ்சம் மட்டம், ஆனால் தறி மேஸ்திரிக்குத் தெரியாமல் முடியாது. மிஸஸ் ஆக்ராய்டுக்கு நாங்கள் வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பது போலத்தான் தெரிந்திருக்கும். “இன்னொரு பிஸ்கட்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய் காலையில் அம்மா முட்டையை உடைத்தாள். மஞ்சள் கரு வழிந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா நீலக் காகித முடிச்சை அவிழ்க்க மறந்துவிட்டார். ஹேரல்டும் மூரியலும் மாடியில் போய்ப் பார்த்தால் கட்டிலில் இன்னொரு கம்பளி, கனமானது, மடித்து வைத்திருந்தது. குளியலறைக் கதவில் எழுதியிருந்த ஒரு ஷில்லிங்கை யாரோ அடித்து, பாதியாக்கி, ஆறு பென்னி என்று மாற்றியிருந்தார்கள்.

அன்று பெஞ்சில் இதுதான் பேச்சு.

“யாரோ சொல்லிட்டாங்க” என்றாள் மூரியல்.

“கிளிஃபர்டா?”

“அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அங்க வரலையே.”

“பெர்ட்டு, நீ உங்க அக்காகிட்ட போட்டுக் குடுத்தியா?” என்றார் ஹேரல்ட்.

“நான் அவகிட்ட பேசியே பதினாலு வருஷமாச்சு. வணக்கம் சொல்லிட்டு இருக்கேன், அவ்வளவுதான்” என்றார் அப்பா.

செவ்வாய் மாலையும் நடந்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் போனோம், புதன் மாலையும் போனோம். எதிர்வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து யார் காட்டிக் கொடுத்தது என்று உதட்டாலேயே சண்டை போட்டோம். அதில் இன்னும் நாலு குறை வெளியே வந்தது. மறுநாள் பார்த்தால் அதுவும் சரியாகியிருந்தது. மாடிப்படி விளக்கு எரிந்தது. ரொட்டிக்கு வெண்ணெய் ஓரம் வரை தடவியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தோம். அத்தை மட்டும் எப்போதும்போல, “நாள் இனிதாகக் கழிந்ததா?”

ஹேரல்ட் ஒரு பொறி வைத்தார். புதன் ராத்திரி, மூரியலைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதபடி ஜன்னல் பக்கம் திரும்பி, உதட்டால் சொன்னாராம்: “அரிசி புட்டிங்ல மேல படியற ஆடை எனக்கு உசிரு. எனக்கு வர்றதே இல்ல.”

வியாழன் மத்தியானம் வழக்கம்போலச் சாப்பாட்டுக்கு உள்ளே விட்டாள். அப்போது அரிசி புட்டிங் வந்தது. எல்லோருக்கும் வெள்ளையாக. ஹேரல்டின் கிண்ணத்தில் மட்டும், முழுத் தட்டின் ஆடையும் மடித்து, பழுப்பாக, கம்பளி மாதிரி.

ஹேரல்ட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தார்.

“நீதான்” என்றார்.

“நான் இல்ல.”

“வேற யாருக்கும் தெரியாது மூரியல்.”

“இருபத்தாறு வருஷமா உன் துணிய தொவச்சேன், எனக்கு இது வேணும்” என்றாள் மூரியல். அன்று முழுவதும் இரண்டு பேரும் பெஞ்சில் வேறு வேறு கோடியில் உட்கார்ந்தார்கள். மழை கூரை வழியே நடுவில் ஒழுகியது.

வியாழன் மாலை எதிர்வீட்டில் ஏதோ பாட்டு நிகழ்ச்சி. கிடார் வைத்துக்கொண்டு இளவட்டங்கள் ஆட, நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பாட்டுக்கு நடுவில் மிஸஸ் ஆக்ராய்ட் எழுந்து, கையைக் கோத்துக்கொண்டு சொன்னாள்:

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. அடுத்த வருஷத்துக்கு அச்சாரம் குடுக்கறவங்க குடுக்கலாம். உங்க வாரத்துக்கு இன்னும் ரூம் இருக்கு. கதவு நாள் முழுக்கத் தெறந்திருக்கும், தெரியும்ல?”

சொல்லிவிட்டு டீ கொண்டுவரப் போனாள். அப்புறம் அம்மாவின் உதடு அசைந்தது.

“என்ன பண்றது?”

“எங்கக்கா. அவள விட்டு மொத ஆளா நான் போக முடியாது” என்றது அப்பாவின் உதடு.

“அப்ப போய் மூஞ்சிக்கு நேரா சொல்லு.”

“அதுவும் முடியாது.”

ஹேரல்ட் மூரியலோடு பேசாமலிருந்தாலும் இதில் பேசாமல் இருக்க முடியவில்லை. உதட்டை நன்றாக விரித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“இந்தம்மா நாள் பூரா சிரிக்குது, சிரிக்கறவங்க வீட்டுல நிம்மதியா உக்காரக்கூட முடியாது. எனக்கு எனிட்டோட மீன் வேணும், எனிட்டோட கட்டில் வேணும். மழ பேயறப்ப உள்ள விட்டா மட்டும் போதும். ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு டி.வி. வச்சாலும் நான் வேற வீடு மாற மாட்டேன். அத அவகிட்ட யார் சொல்றது?”

நான் தற்செயலாகத் தெருவைப் பார்த்தேன். ஜூலை மாதம், இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிரே கடற்காட்சியின் மாடியில், குளியலறை ஜன்னலில், வலைத்திரையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எனிட் அத்தை நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. பதினாலு வருஷம் ஆகியும் ஒரு சொல்கூடத் தேயவில்லை. செய்தி வாசிக்கிற பேச்சும் இல்லை, எங்கள் தறிக்கூடத்துப் பேச்சு.

“டோரி, எல்லாம் கேட்டுட்டேன். திங்கக்கெழமையிலேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அந்தக் கழுதைங்கள எழுந்து வரச் சொல்லு. கதவு தெறந்துதான் இருக்கு. இனிமே மழ பேஞ்சா தெறந்தேதான் இருக்கும்.”

நான் அம்மாவின் முழங்கையை இடித்தேன். அம்மா திரும்பினாள். அவள் மூரியலை இடித்தாள். ஒவ்வொருவராகத் திரும்பி, எங்கள் தெரு மொத்தமும் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்தது. அப்போதுதான் எங்கள் மண்டைக்கு உறைத்தது. அத்தை ஆறு தறி ஓட்டியவள் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு மறந்துவிட்டோம்.

“டீ போட்டுட்டேன், ஆறுது” என்றது அத்தையின் உதடு. வலைத்திரை விழுந்தது.

நாங்கள் ஒன்றாக எழுந்தோம். மிஸஸ் ஆக்ராய்ட் தட்டோடு வந்து நின்றாள். டி.வி.யில் பாட்டு பாதியில் இருந்தது, ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதை அவள் கேட்கவில்லை, பாதி அறை எழுந்து நிற்கிறது.

“என்னாச்சுங்க? இன்னும் முடியலையே?”

“அடுப்புல பால் வச்சுட்டு வந்தோம்” என்றாள் அம்மா. விடுதியில் தங்கியிருக்கிறவளுக்கு ஏது அடுப்பு என்று மிஸஸ் ஆக்ராய்ட் கேட்பதற்குள் நாங்கள் தெருவைத் தாண்டிவிட்டோம்.

அத்தை வாசலில் ஏப்ரனோடு நின்றாள். கால்மிதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து டீ ஊற்றினாள்.

“நாலு நாளா மழையில நடந்துட்டு வர்றீங்க. திரும்பி வர்றப்ப ஒருத்தர் குடையாவது சொட்டியிருக்கா?” என்றாள்.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“செவுத்துல அடிச்சா செவுரு ஒடையுமா, ஐவி?”

“இல்லண்ணி, அது சும்மா ஒரு பேச்சுக்கு.”

“தெனமும் கேட்டேனே, நாள் எப்படிப் போச்சுன்னு. பதினாலு வருஷமா கேக்கறேன். ரொம்ப அருமை, ரொம்ப அருமைன்னீங்க. கடலுக்கு வந்தவங்க கடலத்தான் பாக்க ஆசப்படறாங்கன்னு நானும் நெனச்சேன். நீங்கல்லாம் உள்ள உக்காந்திருந்தா தேய்க்கவும் பெருக்கவும் எனக்கும் முடியாது, ரெண்டே கை. ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வழி பாத்திருக்க மாட்டனா?”

“நீங்க அந்தக் கொரல்ல கேட்டா எப்படிண்ணி சொல்றது?” என்றாள் அம்மா. “ராணிகிட்ட போயி முட்ட வேகலன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

கிளிஃபர்ட் மாமா சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அப்பா எழுந்தே விட்டார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கொரல்ல பேசி எனக்கே தொண்ட வலிக்குதுடா பெர்ட்டு” என்றாள். “விடுதிக்காரின்னா அப்படித்தான் பேசணும்னு நெனச்சேன்.”

ஹேரல்ட் மட்டும் இன்னும் யோசனையில் இருந்தார். “அப்ப அந்தப் புட்டிங் ஆடை…”

“உன் மூஞ்சி நேரா ஜன்னலப் பாத்து இருந்துச்சு ஹேரல்டு. தறிக்கூடத்துல கூட அவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல” என்றாள் அத்தை.

ஹேரல்ட் மெதுவாக மூரியல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார்.

“ஒதட்டால கேக்காத” என்றாள் மூரியல். “வாயத் தொறந்து மன்னிப்புக் கேளு. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

அவர் கேட்டார். கூடமே கேட்டது.

வெள்ளிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில், எல்லா வருஷமும் கிளம்புகிற சமயத்தில் அப்படித்தான் வரும். அத்தை வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ராத்திரி தூங்கவில்லை. சிரிப்பு வேறு, ஒரு பவுண்டு நோட்டு வேறு; அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஹேரல்ட்தான் முதலில் போய் நோட்டை வைத்தார். “அதே ரூம். இந்த வாரத்துக் கம்பளி. பழைய கம்பளி இல்ல” என்றார். பின்னால் அப்பா. அவருக்குப் பின்னால் எங்கள் தெரு. ஒரு குடும்பம் மட்டும் எதிர்வீட்டுக்குப் போனது, அவர்களுக்கு டி.வி. இல்லாமல் முடியாது. “போயிட்டு வாங்க. டி.வி.யில உப்பு வராது, உப்பு வேணும்னா இங்க வாங்க” என்று அத்தை அவர்களுக்கும் கையாட்டினாள். கிளிஃபர்ட் மாமா சமையலறையில் விசில் அடிப்பது கேட்டது. அவர் விசில் அடித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கிளம்புமுன் கடைசிச் சாப்பாடு. மேஜைக்கு மேஜை உப்பும் மிளகுத்தூளும் கடுகும் வைத்திருந்தாள், தனிக் காசு இல்லாமல். அப்பா உட்கார்ந்தார், மீன் வந்தது, கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய் நீலக் காகித முடிச்சை எடுத்தது. பிரித்துத் தூவிக்கொண்டே நிமிர்ந்தார். சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள். அவள் உதடு ஒரே ஒரு சொல் சொன்னது. கஞ்சப்பயலே என்று.

“எத்தன வருஷமா தெரியும் ஒனக்கு?” என்றார் அப்பா.

“மொத வருஷத்துலேருந்து. முதுகக் காட்டிட்டு நின்னா எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?”

அதற்கப்புறம் இன்னும் ஒன்பது வருஷம் அந்த வீட்டை நடத்தினாள். பத்து மணிக்குக் கதவு சாத்துவது நின்றுபோனது. மழை நாளில் ஆண்களுக்கெல்லாம் உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை கொடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள், அவர்களும் அது தங்கள் விடுமுறை என்றே நினைத்தார்கள். நான் கல்யாணமாகி என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனதும் அங்கேதான். புது மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு நாள் மட்டும், “பயணம் சுகமாக இருந்ததா?” என்று பழைய குரலில் கேட்டுப் பயமுறுத்திவிட்டு, உள்ளே போய்ச் சிரித்தாள்.

அறுபத்திரண்டாம் வருஷக் குளிர்காலத்திலேயே டி.வி.யும் வந்தது, வாடகைக்கு. சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்ததும் அத்தை முதல் வேலையாகப் போய்த் திரைச்சீலையை ஓரம் வரை இழுத்து, நடுவில் ஊசி குத்திவிட்டு வருவாள். எதிர்வீட்டுக்காரி மில்லுக்காரி இல்லையே என்று மாமா சொன்னால் கேட்கமாட்டாள்.

“எப்ப வேணா ஒருத்தி வந்து தங்கலாம்” என்பாள்.